நல்லாத்தான் கீறேன்

குடியாத்தம் வழி பேரணாம்பட்டு பஸ்.
மடியில் நூற்றிருபது படிவம்,
காலடியில் துண்டு சுற்றிய எடை மெஷின்.
ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் ஐந்து முகங்கள்
அழுகையில் தொடங்கிச் சிரிப்பில் முடியும்.
தோல் ஷாப்பு வாடை ஏறியதும்
முன்சீட்டுக்காரர் கண்ணாடியை இழுத்து மூடினார்.
இறங்கும் இடம் வந்துவிட்டது.

ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
"எல்லாரும் நல்லபடியா எழுதணும்" என்று
வாசலிலேயே நின்றார் தலைமை ஆசிரியர்.
நாற்பத்தோரு பேரும்
ஐந்தாவது முகத்தை வட்டமிட்டார்கள்.
அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுப்
புதுத்தாள் கொடுத்தேன்.

இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாய்?
"ஐந்நூறு முடிஞ்சதும், மேடம்."
என்ன ஐந்நூறு?
அஃப்ரீன் எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள்,
அப்புறம் சொன்னாள், "பீடி."
கட்டத்துக்குள் மணியை மட்டும்தான் எழுதலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்?
"ஸ்கூல் கீற நாளா, லீவு நாளா?"
சுகுணேஸ்வரி கேட்டாள்,
பெண்கள் வரிசை முழுக்கச் சிரித்தது.
ஸ்கூல் இருந்தால்
காலை ஏழிலிருந்து நாலரை வரை
ஒரு மடக்குகூட இல்லையாம்.
கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.
தாழ்ப்பாளைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
ஓரத்தைக் கம்ப்யூட்டர் படிக்காது.

எடைக்கு வந்தான் வேதமாணிக்கம்.
இருபத்தாறு கிலோ.
தோள்பட்டையைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.
டிரவுசர் பைக்குள் கைவிட்டுத்
தானே எடுத்து மேசையில் வைத்தான்
மலட்டாற்றுக் கூழாங்கற்கள், ஒன்பது.
"போன வருசம்
கம்மியா கீறவங்கோ பேரை மைக்ல படிச்சாங்கோ."
இருபத்து நாலு அறுநூறு என்று திருத்தினேன்.
எதற்கென்று தெரியவில்லை,
கற்களையும் மெஷினில் வைத்துப் பார்த்தேன்.

கடைசிக் கேள்வி:
மொத்தத்தில், நீ எப்படி இருக்கிறாய்?
தாளைத் தொடுமுன் வாய் முந்திக்கொள்கிறது
"நல்லாத்தான் கீறேன்."

நான் தாமிரபரணிப் பக்கம்.
எங்களூரில் கீறுவது முள், பிளேடு, பூனை.
இங்கே வெறுமனே இருப்பதற்கே அதுதான் வினை.
வந்த புதிதில்
நலம் கேட்ட இடமெல்லாம் ரத்தம் தெரிந்தது எனக்கு.
பிறகு பழகிற்று.
பழகாதது அந்தத் "தான்".
ஒருத்தி சொன்னால் நாலாவது முகம்,
அதையே கொஞ்சம் இழுத்து
அடுத்தவன் சொன்னால் இரண்டாவது.
ஜெபசீலி சொன்னபோது
படிவத்தில் இல்லாத ஆறாவது.

மூன்று பேர் எதையும் வட்டமிடவில்லை.
பதில் இல்லாதவர்க்குக் குறியீடு
தொண்ணூற்றொன்பது.

காட்பாடி லாட்ஜில் ராத்திரி
மின்விசிறி சூட்டையே திருப்பித் திருப்பி இறைக்க
எண்களை ஏற்றினேன்.
தொண்ணூற்றொன்பதை விலக்க மறந்து
கூட்டிவிட்டேன்.
ஐந்தைத் தாண்டவே முடியாத அளவுகோலில்
ஏழாம் வகுப்பு ஆ பிரிவின் மகிழ்ச்சி
பத்தரைக்கும் மேல்.
வாய் திறக்காத மூன்று பேர்
மிச்சம் முப்பத்தெட்டு பேரையும்
தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.
கொஞ்ச நேரம் அதை அப்படியே விட்டு வைத்தேன்.

பிறகு மூவரையும் நீக்கினேன்.
மூன்று புள்ளி ஆறு.
மாவட்டச் சராசரிக்கு ஒரு நூல் மேலே,
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
நல்லாத்தான் கீது.

காலை ஏழே காலுக்கு மேல்பட்டி பஸ்.
அங்கே எட்டாம் வகுப்பு, ஐம்பத்திரண்டு பேர்,
நாலரை ஆகிவிடும்.
பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து
மூடியை இறுக்கித் திருகிப்
பையில் போட்டுக்கொண்டேன்,
குடிக்கவில்லை.